கூற்றன் கல்லின் கீழ்ப்பாதி

மேலணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று காலை வானொலி சொன்னது. மாலைக்குள் அது இங்கே வந்து சேரும். அதற்குள் நீர்த்தேக்கத்தின் நடுவே போய், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மூத்த ஒரு கல்லைத் தோண்டிப் படித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

செண்பகவடிவு சரித்திர நாவல் எழுதுபவள். இருபது மாதங்களாக ஒரு வார இதழில் கூற்றன் என்ற வீரனின் கதையைத் தொடராக எழுதிவந்தாள். அணை கட்டுவதற்கு முன்பு யாரோ எழுதிவைத்த குறிப்பு ஒன்றுதான் அதற்கு வித்து. பகைவர் கவர்ந்த மாடுகளை மீட்டு, அந்தச் சண்டையில் இறந்த கூற்றனுக்கு நட்ட கல் என்று மேல்பாதி எழுத்து சொன்னது. கீழ்ப்பாதி மண்ணுக்குள் புதைந்திருந்ததால் யாரும் படிக்கவில்லை. பிறகு அணை வந்தது. ஊரும் கல்லும் நீருக்குள் போயின.

இந்த ஆண்டு வறட்சியில் கல்லின் தலை வெளியே தெரிந்தது. கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்திருந்தும் அவளால் அதை அனுப்ப முடியவில்லை. கல்வெட்டு ஆய்வாளர் ரோஸ்லினை அழைத்துக்கொண்டு அணைக்கரைக்கு வந்துவிட்டாள். பரிசல் ஓட்ட மாதையன் ஒப்புக்கொண்டார். புதுவெள்ளத்தின் நுரை கண்ணில் பட்டதும் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை.

பரிசல் மூடுபனிக்குள் நுழைந்தது. கரை மறைந்தது, பிறகு ஒலிகளும் மறைந்தன. அறுபது, எழுபது ஆண்டுகள் நீருக்குள் நின்ற புளியமரங்கள் இலையில்லாமல் கறுத்து, வழிகேட்டு நிற்பவர்களைப் போல அங்கங்கே நின்றன. பரிசல் மெல்லச் சுழன்றபோது அவையும் சுழன்றன. இந்த வழியாகத்தான் கூற்றன் மாடுகளை ஓட்டிவந்திருப்பான் என்று செண்பகவடிவு நினைத்தாள். பனிக்குள் எங்கோ மணியொலி கேட்பது போலிருந்தது. கேட்டதா, தான் எழுதியதா என்று அவளுக்கே தெரியவில்லை.

கல் ஒரு சேற்றுத் திட்டில் சாய்ந்து நின்றது. வில்லும் வாளும் ஏந்திய வீரன் மார்புவரை தெரிந்தான். மூவரும் முழங்காலிட்டுத் தோண்டினார்கள். வீரனின் கால்கள் வந்தன, அதற்கும் கீழே மூன்று வரி எழுத்து. ரோஸ்லின் தூரிகையால் சேற்றைக் கழுவி, நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, ஒவ்வொரு குழிக்குள்ளும் பதியும்படி தட்டத் தொடங்கினாள். தாள் சற்று உலர்ந்த பிறகுதான் மை ஒற்ற முடியும்.

மாதையன் எழுந்து நின்றார். தண்ணீர் செம்மண் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. அதன்மேல் சுள்ளிகளும் நுரையும் மிதந்து வந்தன.

"வந்துருச்சுங்க. கிளம்பலாம்," என்றார்.

ரோஸ்லின் அரைமணி நேரம் கேட்டாள். அவ்வளவு நேரம் திட்டே இருக்காது என்றார் மாதையன். ஆனால் சொல்லிக்கொண்டே குனிந்து, கல்லைச் சுற்றிச் சேற்றை அள்ளி வரப்பு போட ஆரம்பித்தார். செண்பகவடிவும் அள்ளினாள். வரப்பை உயர்த்த உயர்த்தத் தண்ணீரும் உயர்ந்தது. உள்ளே ரோஸ்லின் மை தோய்த்த துணிப்பொதியால் ஒற்றிக்கொண்டே போனாள். கறுப்புத் தாளில் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் விழித்தன.

மூன்றாவது வரி முடிந்தபோது வரப்பு உடைந்தது. ரோஸ்லின் ஈரத்தோடு தாளை உரித்து எடுத்தாள். மூவரும் இடுப்பளவு நீரில் பரிசலைப் பற்றி ஏறினார்கள். தாள் மடங்கினால் மை ஒட்டிக்கொள்ளும்; அதனால் பெண்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நான்கு முனைகளையும் பிடித்துத் தொட்டிலைப் போல ஏந்திக்கொண்டார்கள். வெள்ளம் பரிசலைப் பம்பரமாகச் சுற்றியது. அடித்துவந்த மரம் ஒன்று விளிம்பில் இடித்துச் சாய்த்தது. விழப்போன செண்பகவடிவு பரிசலைப் பிடிக்கவில்லை, தாளை உயர்த்திப் பிடித்தாள். மாதையன் தன் தோளால் அவளைத் தாங்கிக்கொண்டே துடுப்பை வலித்தார்.

கரையேறித் திரும்பிப் பார்த்தபோது கல் இருந்த இடத்தில் நீர் மட்டுமே இருந்தது.

வெயிலில் விரித்த தாளை ரோஸ்லின் ஒருமுறை படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

"அக்கா, 'கூற்றனை எறிந்த விண்ணன் நடுவித்த கல்'னு இருக்கு."

"எறிந்தன்னா?"

"கொன்னவன். அவனைக் கொன்னவனேதான் இந்தக் கல்லை நட்டிருக்கான்."

செண்பகவடிவு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுதிவைத்திருந்த கடைசி அத்தியாயத்தில், கூற்றனைக் கொன்றவன் பிணத்தின் மேல் காறி உமிழ்ந்துவிட்டுச் சிரிக்கிறான். இருபது மாதங்களாக அவனைப் பொல்லாதவனாகவே எழுதியிருந்தாள். வேறு மாதிரியும் இருந்திருப்பானோ என்று ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"கொன்னுட்டு எதுக்குக் கல்லு நடணும்?" என்று தனக்குள் கேட்பதுபோலக் கேட்டாள்.

வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த மாதையன் நிமிர்ந்தார். "எதிர நின்னு சண்டை போட்டவனுக்குத்தானுங்க தெரியும், அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு."

செண்பகவடிவு இதழாசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, தான் எழுதியதில் ஒருவனைப் பற்றித் தவறு நேர்ந்துவிட்டது, ஒரு வாரம் வேண்டும் என்றாள். யாரைப் பற்றி என்று அவர் கேட்டார். இறந்து ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது, ஆனாலும் திருத்தியாக வேண்டும் என்றாள்.

அணைக்கரைத் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, சேறு காயாத விரல்களோடு அன்றே எழுதத் தொடங்கினாள். பொழுது விடிவதற்குள், புதிய அத்தியாயத்தில் விண்ணன் வாளைக் கீழே வைத்துவிட்டு, நல்ல கல் தேடித் தனியாக மலை ஏறினான்.