பேர் வரும் இடம்

"ஆரம்பாக்கம்" வரைக்கும் அறிவிப்பாளர் எபினேசர் படித்தது மணியாட்டம் இருந்தது. அடுத்து வரவேண்டிய "பூவராகவன்" மட்டும் கர்ரென்று கிழிந்தது. பிறகு "அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார்" என்று மறுபடி சுத்தம்.

பானு ஹெட்போனைக் கழற்றினாள். கும்மிடிப்பூண்டியில் சாவு அறிவிப்பு ஓட்டும் மைக் ஆட்டோக்களுக்குப் பதிவை எம்பி3 ஆக்கிப் பென்டிரைவில் ஏற்றித் தருபவள் அவள்தான். சத்தத்தை உச்சியில் வைத்து எம்பி3 ஆகச் சுருக்கினால் குரல் தலை தட்டி உடையும், ரெண்டு டெசிபல் இறக்கிவிட்டு மாத்து என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவள். இறக்கித்தான் மாற்றியிருந்தாள். மூலப் பதிவிலும் ஒரு பிசிறு கிடையாது.

நாலு இறக்கினாள். உடைந்தது. இருபது இறக்கினாள். மற்ற வார்த்தைகள் கொசுச் சத்தமாய்த் தேய்ந்தன, திரையில் ஒலி மீட்டரின் பச்சைக் கோடு தரையோடு கிடந்தது, ஃபேன் கிறீச்சிடுவதும் எதிர்க்கடை பஜ்ஜி எண்ணெய் நாற்றமும்கூடப் பெரிதாகத் தெரிந்தன. பேர் வரும் இடத்தில் மட்டும் கோடு சிவப்புக்குத் தாவியது. உற்றுக் கேட்டாள். கிழிசலுக்குள் வேறு பேர்.

குணாளன்.

அவள் புருஷன். காலை ஷிப்டுக்கு இரும்பு ஆலைக்குப் போனவன். அட, பயம்கூட வரவில்லை. போன் போட்டாள்.

"இன்னா பானு?"

அப்பாடா. "ஒண்ணுமில்ல. எங்க கீறீங்க?"

"கம்பெனிலதான். வெளிய எவனோ மைக்ல என் பேரைச் சொல்லிக்கினு போறான். பேஜாராக் கீது. யாருன்னு பாக்கறேன்."

வாசலைப் பார்த்தாள். மைக் ஆட்டோ அங்கேயேதான் நின்றது. டிரைவர் மோகன்ராஜ் பென்டிரைவுக்காகக் காத்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"ரோட்டுக்கு வராதீங்க!" போனை வாயோடு ஒட்டிக் கத்தினாள்.

"கத்தாதம்மா, ஒடையுது. இன்னா, வாங்கன்றியா?"

"வராதீங்க! வராதீங்க!"

"வா... ங்க, வா... ங்கன்னுதான் கேக்குது. சரி, தோ வந்துட்டேன்."

மெதுவாகச் சொல்லியிருக்கணும். அவளுக்குத் தெரியாததா?

இரும்புக் கேட் உருளும் சத்தம். லாரி ஹாரன். பிரேக்.

அப்புறம் ஒன்றுமில்லை.

லைன் கட்டாகவில்லை. காதில் மைக் சத்தம் கிட்டே வந்தது. இன்னும் கிட்டே. எபினேசர் இல்லை. பானுவின் குரல். நிதானமாக, ஒரு எழுத்தும் உடையாமல், குணாளன் அவர்கள் என்று படித்துக்கொண்டே வந்தது.