சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டி

"சார், என் மதிப்பெண் சான்றிதழைக் காணோம். சாயங்காலம் நாலு மணிக்கு பல்கலைக்கழகத்துல விண்ணப்பம் வாங்குறதை நிறுத்திடுவாங்க."

பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பெண். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. 'நிதானம்' என்று ஊரே அழைக்கும் துப்பறிவாளர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குள் அவருடைய மைத்துனர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஸ்கூல்லேருந்து நேரா சேர்றவங்ககிட்ட என்னம்மா கேக்குறாங்க?"

"மூலச் சான்றிதழ் சார். மடிச்சிருக்கக் கூடாது, மேல எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. தொலைஞ்சிருந்தா போலீஸ் சான்று வேணும், அதுக்கு ஒரு வாரம் ஆகும். பாழாயிருந்தா, என்ன ஆச்சுன்னு அப்பாவோ அம்மாவோ எழுதிக் கொடுத்தா போதும், ஸ்கூல்லயே மார்க்கை சீல் வெச்ச கவர்ல கொடுத்துடுவாங்க. ஆனா என்ன ஆச்சுன்னே தெரியலையே!"

வீட்டு வாசலில் பேருந்து ஓட்டுநரான அவள் அப்பா காத்திருந்தார். கசங்கிய காக்கிச் சட்டை, கட்டை விரலில் புதிய பிளாஸ்திரி. "எவனோ திருடிட்டான் சார்" என்றார்.

கூடத்துச் சுவரில் மகள் மூன்றாம் வகுப்பில் வாங்கிய ஓட்டப்பந்தயச் சான்றிதழ், பேருந்து நேர அட்டவணை, துணி துவைக்கும் இயந்திரத்தின் விளக்கத்தாள். எல்லாம் பளபளவென்று பிளாஸ்டிக் உறைக்குள்.

"அத்தான், இங்க அசையாம நின்னா நம்மளையும் லேமினேட் பண்ணிடுவாங்க" என்று மைத்துனர் கிசுகிசுத்தார்.

சான்றிதழ் வைத்திருந்த அலமாரியின் பூட்டில் கீறல்கூட இல்லை. மற்ற காகிதங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. மைத்துனர் அங்கே நின்ற பெண்ணின் அண்ணன் பக்கம் பாய்ந்தார்.

"நேத்து தங்கச்சிகூட சண்டை போட்டியாமே?"

"அவ ஹாஸ்டலுக்குப் போனா ரூம் முழுக்க எனக்கு. நான் ஏன் சார் அதைக் கெடுத்துக்கணும்?"

நிதானம் சாப்பாட்டு மேசையருகே நின்றார். மடித்த துண்டின் மேல் இஸ்திரிப் பெட்டி இருந்தது. புறங்கையால் தொட்டுப் பார்த்தார்; இன்னும் சூடு இருந்தது. "யார் துணி தேச்சது?"

"நான்தான். டியூட்டி சட்டை..." என்றார் அப்பா.

"போட்டிருக்கிற சட்டையா?"

அப்பா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"பூட்டு உடையலை, ஒரே ஒரு காகிதம்தான் போயிருக்கு. அப்போ எடுத்தது வீட்டு ஆள்தான்" என்றார் நிதானம். "இந்த வீட்ல முக்கியமான காகிதத்தை எல்லாம் என்ன பண்றாங்கன்னு சுவரே சொல்லுது. மார்க் சான்றிதழையும் அப்படியே லேமினேட் பண்ணிட்டீங்க. ஆனா அதுக்கு மேல எதுவும் ஒட்டக் கூடாதுன்னு விதி இருக்கு. அது தெரிய வந்ததும் உரிக்கப் பாத்திருக்கீங்க. சூடு காட்டினா பிளாஸ்டிக் இளகும். விரலும் சுடும்."

அப்பா உள்ளே போய், மெத்தைக்கடியிலிருந்து எடுத்து வந்தார். பாதி உரிந்த பிளாஸ்டிக். மதிப்பெண்களின் மேல் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது.

"என்னோடதைக் கரையான் தின்னுடுச்சு சார். நான் எங்கயுமே சேர முடியல. இவளுக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னு..."

மகள் அந்தக் கறையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பேனாவை நீட்டினாள். "நடந்ததை எழுதுங்கப்பா. காலையிலேயே சொல்லியிருந்தா நான் இப்படி அழுதிருக்க மாட்டேன்ல?"

அவர் எழுதினார். மைத்துனர் ஆட்டோ பிடிக்க ஓடினார். பள்ளி அலுவலகத்தில் சீல் வைத்த கவரை நீட்டியபோது அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே வெச்சுக்கம்மா."

"பிடிங்கப்பா. அவ்ளோ பெரிய பஸ்ஸையே பிடிக்கிற கைதானே!"

நாலு மணிக்குச் சற்று முன்பு பல்கலைக்கழகத்தில் கவரை வாங்கிக்கொண்டார்கள். இடமும் கிடைத்தது.

சில வாரம் கழித்து மைத்துனர் அந்த வீட்டுக்குப் போய் வந்தார். "அத்தான், கருகின சான்றிதழை ஓட்டப்பந்தயத்துக்குப் பக்கத்துலயே மாட்டியிருக்கா அந்தப் பொண்ணு."

"உறை?"

"பாதி உரிஞ்சது உரிஞ்சபடியே இருக்கு. அவ அப்பா அதைத் தொடவே மாட்டேங்கிறாராம்."