பதினாலாம் நம்பர் வீட்டு லைட்

மாலை மக்ரிப் தொழுகைக்கான பிரேக் முடிந்து நஜ்மா திரும்ப வந்து உட்கார்ந்தபோது செம்மொழியின் கட்டத்தில் வெளிச்சம் வந்திருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்பு அது இருட்டு. லேப்டாப் திரையில் மற்ற பத்து அப்ரண்டிஸ்களும் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருக்க, அந்த ஒரு கட்டம் மட்டும் கரிச்சட்டியின் அடிப்பக்கம்போலக் கிடந்தது. உள்ளே ஒரு முகத்தின் ஓரம் மட்டும் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். பிரேக்குக்கு முன் இருட்டு, பின்னால் டியூப்லைட். யாரோ அந்தப் பெண்ணின் அறைக்குள் வந்து போகிறார்கள்.

நஜ்மாவுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை, சூடு பட்ட பூனை அவள். நாகூரில் சொந்த வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி, இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளை வரவேற்று, ஃபோனில் எப்படிப் பேசவேண்டும் என்று பழக்குவது அவள் வேலை. ஏழு வருஷம் ஹெட்செட் மாட்டிக் காது வலித்தபின் கிடைத்த டிரெய்னர் நாற்காலி. போன பேட்ச்சில் ஒரு பையனின் பெயரில் வேறொருவன் உட்கார்ந்து மொத்தப் பயிற்சியையும் முடித்துக் கொடுத்துவிட்டான். சென்னையிலிருந்து மெயில் வந்தது. இன்னொரு ஆள்மாறாட்டம் உங்கள் கண்ணுக்குத் தப்பினால் உங்கள் நாற்காலியில் வேறொருவர் இருப்பார் என்று அதில் எழுதியிருந்தார்கள். புருஷன் சித்தீக்கோ குவைத்தில் வேலை போய் ரூமில் படுத்திருந்தான். நஜ்மா அந்த மெயிலை அவனுக்குக்கூடக் காட்டவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை தினமும் ரூம் செக். கேமராவை நாலு பக்கமும் சுற்றிக் காட்டவேண்டும், அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது. செம்மொழியும் சுற்றிக் காட்டினாள். இருட்டைத்தான் காட்டினாள்.

முதல் நாள் வரவேற்பிலேயே அவளிடம் ஏதோ இடித்தது. கம்பெனி எல்லோருக்கும் ஒரு பெட்டி அனுப்பியிருந்தது. லேப்டாப், ஹெட்செட், பேர் போட்ட கப். போட்டோவுக்காகக் கப்பைத் தூக்கிக் காட்டச் சொன்னபோது செம்மொழி மட்டும், "பெட்டிய இன்னும் பிரிக்கல மேடம்" என்றாள். திருவையாற்றுத் தமிழ்மாறன், "கல்யாணச் சீரா அது? பிரிங்க தோழி!" என்று கிண்டலடிக்க எல்லோரும் சிரித்தார்கள். நஜ்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகுதான் உறைத்தது. கம்பெனி லேப்டாப் இல்லாமல் அப்ரண்டிஸ் யாரும் வகுப்புக்குள் வரவே முடியாது. அண்டப்புளுகு!

இப்போது நேராகவே கேட்டாள். "செம்மொழி, லைட்ட யாரு போட்டாங்க?"

"பக்கத்து வீட்டு அக்கா மேடம்."

"ரூமுக்குள்ள யாரையும் விடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"அவங்க என்னைப் பாக்கவே மாட்டாங்க மேடம். லைட்ட போட்டுட்டு, வெளிய பூட்டிட்டுப் போயிடுவாங்க."

உள்ளே ஆள் இருக்க வெளியே பூட்டா? நஜ்மா வாய் திறப்பதற்குள் மழைக்கு நெட் போய்விட்டது.

மறுநாள் வகுப்பு தொடங்குவதற்குமுன் முந்தின நாள் வகுப்பின் வீடியோப் பதிவைத் திறந்தாள். அந்த அக்காவின் படத்தை ஒட்டி சென்னைக்கு ரிப்போர்ட் அனுப்பிவிட்டால் தலைவலி தீர்ந்தது. செம்மொழியின் கட்டத்தைப் பெரிதாக்கி, பிரேக் நேரத்துக்கு ஓட்டினாள். இருட்டு. மழைச் சத்தம். ஒரு கதவு கிறீச்சிட்டது. பிறகு டியூப்லைட் இரண்டு தடவை கண் சிமிட்டி எரிந்தது. சுவிட்சில் கை வைத்தபடி பாக்குக் கலர் துப்பட்டா போட்ட ஒருத்தி நின்றாள். துப்பட்டா ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறை. அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு ஏழு வயசுப் பிள்ளை ஒன்று.

நஜ்மா தன் மடியில் கிடந்த துப்பட்டா ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். அதே கறை. அல்லாஹ்வே, அது அவளேதான், கூட நிற்பது அவள் மகள் ரிஃப்கா!

பக்கத்துப் பதினாலாம் நம்பர் வீடு மீரா உசேன் காக்காவுடையது. குடும்பத்தோடு துபாயில் இருக்கிறார். மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி நஜ்மாவிடம். வெளிநாட்டுக்காரர் வீடு இருட்டிக் கிடக்கக்கூடாது என்று இந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுதான், மக்ரிபுக்கு ஒருத்தர் போய் லைட் போட்டுவிட்டு வருவார்கள், விடியற்காலை சுபுஹுக்கு அணைப்பார்கள். அந்த வீட்டுக்கு வரும் கூரியரையும் நஜ்மாவே கையெழுத்துப் போட்டு வாங்கி உள்ளே வைப்பாள். போன மாதம்கூட, கொட்டுகிற மழையில், ஒரு கனத்த பெட்டி. பேரைக்கூடப் படிக்கவில்லை. பதினாலு என்று பார்த்தாள், வாங்கினாள், மேசைமேல் வைத்தாள்.

அப்படியானால் எவளோ பூட்டை ஏய்த்து உள்ளே குடியிருக்கிறாள். காக்காவுக்கு என்ன பதில் சொல்வது? சென்னைக்கு என்ன சொல்வது? பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

வகுப்பு தொடங்கியது. செம்மொழி இருட்டில் இருந்தாள். மக்ரிப் பாங்குக்குக் கால்மணி நேரம் இருக்கும்போதே மற்றவர்களுக்கு எழுத வேலை கொடுத்துவிட்டு நஜ்மா எழுந்தாள். லைட் போடுவதற்கு முன்னால் அந்த அறையைப் பார்க்கவேண்டும். ரிஃப்காவைப் படம் வரைய உட்காரவைத்தாள். லேப்டாப் அப்படியே ஓடட்டும். டிரெய்னர்கள் ஃபோனிலும் வரலாம் என்பதால் அதே வகுப்பை ஃபோனிலும் திறந்து கையில் பிடித்துக்கொண்டாள்.

பூட்டு தொட்ட மாதிரியே இல்லை. திறந்தாள். மூடிய வீட்டின் பூஞ்சை வாடை, நனைந்த சுண்ணாம்பு வாடை, அதோடு கலந்து யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல லேசான சோப்பு வாசனை; எங்கோ ஒரு குழாய் சொட்டியது, ஜன்னலுக்கு வெளியே கொய்யாக் கிளை கம்பியில் உரசிக்கொண்டே இருந்தது. சுவிட்சைத் தொடாமல் ஃபோன் வெளிச்சத்தில் நடந்தாள்.

யாருமில்லை. மேசைமேல் பெட்டி இருந்தது.

டேப் பிரிக்கவில்லை. மேலே ஒரு மாதத் தூசி. தூசியைத் துடைத்தாள். 'செம்மொழி, எண் 14' என்று இருந்தது.

பெட்டிக்குள்ளிருந்து சின்னதாக ஒரு குரல் கேட்டது. வகுப்பெடுக்கும் குரல். நஜ்மாவின் சொந்தக் குரல்.

ஃபோனைப் பார்த்தாள். செம்மொழியின் கட்டத்தில் ஒருத்தி இருட்டில் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஃபோன், தோளில் துப்பட்டா. நஜ்மா கையைத் தூக்கினாள். அவளும் தூக்கினாள்.

நஜ்மாவின் கட்டத்தில் நாற்காலி காலியாக இல்லை.

"எழுதியாச்சா? சரி, பத்து நிமிஷம் பிரேக். மக்ரிப் ஆயிடுச்சு." நஜ்மாவின் ஹெட்செட். நஜ்மாவின் சிரிப்பு.

"ஓகே மேடம்" என்றான் தமிழ்மாறன்.

"அது நான் இல்ல! தமிழ்மாறன், இங்க பாருங்க! அது நான் இல்ல!" கத்தினாள். யாரும் நிமிரவில்லை. ஓடினாள். திறந்து வைத்த கதவு சாத்தியிருந்தது. கையில் சாவி இல்லை.

தர்கா பக்கமிருந்து பாங்கு.

வெளியே செருப்புச் சத்தம். இரண்டு பேர். ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

பூட்டு திறந்தது. டியூப்லைட் இரண்டு தடவை சிமிட்டி எரிந்தது. பாக்குக் கலர் துப்பட்டா. நுனியில் ரிஃப்கா.

"ரிஃப்கா! உம்மா இங்க இருக்கேன்மா! ரிஃப்கா!"

பிள்ளை நின்றாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். "யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சும்மா."

"யாருமில்ல. வா போகலாம்."

கதவு மூடிக்கொண்டது. சாவி இரண்டு சுற்று சுற்றியது. நஜ்மா எப்போதும் இரண்டு சுற்றுதான் சுற்றுவாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபோனில் அந்த முகம் மறுபடி வந்து உட்கார்ந்தது. ஹெட்செட்டைச் சரிசெய்தது. புருவம் சுருக்கிக் கிட்டே வந்தது.

"செம்மொழி, உங்க ரூம்ல யாரோ வந்துட்டுப் போறாங்க. கேமராவைச் சுத்திக் காட்டுங்க."

நஜ்மாவின் கை தானாக ஃபோனைத் தூக்கியது. ஜன்னல். மேசை. பெட்டி. கடைசியாகத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். திரையில், செம்மொழியின் கட்டத்தில், டியூப்லைட்டும் வெள்ளைச் சுவரும் மட்டும் தெரிந்தன.

"சரி, யாருமில்ல" என்றாள் மேடம். "பாடத்தைத் தொடங்கலாம்."