மணமகனாய் வந்த வாள்

காவிரியின் கிளையொன்று கடலோடு கலக்கும் நாகைத் துறையிலே, அந்திச் செவ்வானம் மங்கி முழுமதி எழுந்து அலைகளின்மேல் ஒளி பரப்பிய வேளையில், சாவகத் தூதர்கள் தங்கியிருந்த மாளிகையின் தூண் மறைவில் நீலநங்கை மூச்சடக்கி நின்றாள். துறைத் தண்டநாயகரின் ஒரே மகள் திருடியைப் போல் ஒளிவானேன் என்று வாசகப் பெருமக்கள் வியக்கலாம். விடிந்தால் அவளுக்குத் திருமணம். மணமகனோ ஒரு வாள்!

கடல் கடந்து வர இயலாத சாவக மன்னர், தம் நாட்டு வழக்கப்படி, தமது கிரிசு என்னும் நெளிவாளைத் தூதரோடு அனுப்பியிருந்தார். அதற்கு மாலையிட்டால் அவருக்கே மாலையிட்டதாகும். முகமறியா மணமகனைப் பற்றி விசாரிக்க வழியில்லாத நங்கை, அவருடைய வாளைப் பற்றியாவது துறைமுகத்துச் சாவக வணிகரிடம் துருவித் துருவிக் கேட்டிருந்தாள்.

முந்தின நாள் சபையில் அந்த வாளின் பிடியருகே துருவின் செம்புள்ளியொன்றைக் கண்டது முதல் அவள் நெஞ்சில் ஐயம் குடிபுகுந்தது. வாள் துருவேறினால் அபசகுனம், திருமணம் நின்றுவிடும். வாளைப் பேணும் விசயதரன் என்ற இளைஞன்மீதே அவளுக்குச் சந்தேகம். அவனுடைய பார்வை பணியாளின் பார்வையாக இல்லை.

இதோ, அவன் வாளை உருவி நெற்றியில் ஒற்றிக்கொண்டான். எலுமிச்சையைப் பிளந்து அலகெங்கும் தேய்த்தான். அருகே நீர்க்குடம் இருந்தும் கழுவவில்லை, துடைக்கவுமில்லை. சாறு சொட்டச் சொட்டச் சந்தன எண்ணெயைப் பூசினான். புளிப்பை உள்ளே வைத்து எண்ணெயால் மூடினால் விடிவதற்குள் அது இரும்பைத் தின்றுவிடும் என்பது நங்கைக்குத் தெரியும்.

குறுவாளை உருவியபடி அவள் வெளிப்பட்டாள்.

"கற்றுக்குட்டியும் செய்யாத பிழையை நீர் செய்வது ஏன்?"

"பிழையல்ல, தேவி. இந்த வாளுக்கு உரியவர் உயிரோடு இல்லை."

மன்னர் காய்ச்சலில் மாண்டதை மறைத்து, இத்திருமணத்தால் நாகைக் கப்பல்களின் துணையைப் பெற்று, அரியணையைக் கைப்பற்றத் தலைமைத் தூதர் திட்டமிட்டிருப்பதாக அவன் கூறினான். பணியாளன் சொல் அம்பலம் ஏறாது என்பதால்தான் துருவைத் துணைக்கு அழைத்தானாம்.

நங்கை நம்பிவிடவில்லை. இனிக்கப் பேசுகிறவன் ஒற்றனாகவும் இருக்கலாமே! ஆயினும் அவன் சொல்வது மெய்யானால் அவள் மாலையிடுவது இறந்தவனுக்கல்லவா! அவனைக் கொண்டே வாளைக் கழுவித் துடைத்து, சாம்பிராணிப் புகையில் ஈரம் போக்கி, எண்ணெயை மெல்லப் பூசி மர உறையில் இடச் செய்து, தானே வாங்கிக்கொண்டாள்.

"வாள் தோய்ந்த நீரைப் பருகிப் பொய்யாணை இட்டால் அந்நீரே நஞ்சாகும் என்பது உங்கள் நாட்டு நம்பிக்கையல்லவா? நாளை தூதர் பருகட்டும். பருகிவிட்டால் நான் மாலையிடுவேன்; உமது தலை உருளும்."

"அப்படியே ஆகட்டும், தேவி."

மறுநாள் மணமண்டபத்தில், மாசற்று மின்னிய வாளைப் பொற்கிண்ணத்து நீரில் தோய்த்துத் தூதரிடம் நீட்டினாள் நங்கை. மன்னர் நலமென்று ஆணையிட்டுப் பருகும்படி பணிவோடு கேட்டுக்கொண்டாள். தூதர் கிண்ணத்தை வாங்கினார். உதட்டருகே கொண்டுபோனவர் பருக மாட்டாமல் கீழே வைத்துவிட்டார். தண்டநாயகரின் காவலர் அவரைச் சூழ்ந்துகொண்டனர்.

"நீர் உண்மையில் யார்?" என்று விசயதரனைக் கேட்டாள் நங்கை.

"இறந்தவரின் தம்பி. தூதரின் சூதை முறியடிக்கவே மாறுவேடத்தில் பணியாளாய் வந்தேன்" என்றவன், அந்தக் கிண்ணத்தை எடுத்து ஒரு சொட்டும் மிச்சமின்றிப் பருகினான். "அண்ணனின் அரியணையை மீட்பேன், மீட்டபின் இத்துறைக்கு வருவேன். தேவி, அன்று வாளை அனுப்ப மாட்டேன். நானே வருவேன்."