கம்பியில் ஆள் பாரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோடம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் நடுவே, தண்டவாள ஓரத்தில் டெலஸ்கோப்பை நிறுத்தினேன். தொண்ணூற்று நான்காம் வருஷத்து ஐப்பசி. தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. ஈர ஜல்லியும் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து நாறின.

ரயில் போகும்போது அதன் கூரையில் இருக்கும் இரும்புச் சட்டம் மின்கம்பியை மேலே தள்ளும். கம்பி கொஞ்சம் எழும்பி, பழைய இடத்துக்கு வரும். எவ்வளவு எழும்புகிறது என்று அளப்பது என் வேலை. கம்பியில் ஒரு சிவப்புத் தகடு, கம்பத்தில் ஒரு அளவுகோல், தரையில் நான். கரண்ட் ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் மேலே ஏறக்கூடாது.

என்ஜினீயர் குருபிரசாத் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல வந்தார். எப்போதும் அப்படித்தான். அந்த அவசரம்தான் போன ஆடியில் இதே கம்பத்தில் லைன்மேன் தணிகாசலத்தைக் கொன்றது.

கம்பியில் கை வைக்கிற வேலை என்றால் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் ஏறுவார்கள். கடைசி ஆள் தரைக்கு வந்து "எறங்கிட்டேன்" என்று குரல் கொடுத்த பிறகே கரண்ட் விடச் சொல்வது வழக்கம். தணிகாசலம் குரல் கொடுத்தான், பிறகு மறந்த ஸ்பேனரை எடுக்கத் தானாக மறுபடி ஏறினான் என்று விசாரணையில் சொன்னார் குருபிரசாத். பழி செத்தவன் தலையில் விழுந்தது. அன்று நான் லீவு. ஆனாலும் இந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாமல் போயிற்று.

தணிகாசலத்தின் சாவுக்கு ஈடாக அவன் மனைவி பாஞ்சாலிக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குக் கொடி பிடித்து நின்றவள் அவள்தான்.

"சார், இன்னிக்காச்சும் சொல்லிடு. எங்க ஊட்டுக்காரரு எறங்கிட்டேன்னு சொன்னாரா?"

"சொன்னாம்மா. என் காதால கேட்டேன். இன்னும் எத்தனை தடவை கேப்பே?"

அவள் அண்ணாந்து கம்பியைப் பார்த்தாள்.

கம்பி ஆடியது.

ரயில் எதுவும் வரவில்லை. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். தகடு மேலே எழும்பவில்லை.

கீழே இறங்கியது.

"சார், கம்பி தாழுது."

"காத்தா இருக்கும், ஷாஹுல்."

இலைகூட அசையவில்லை. ரயில் கம்பியை மேலேதான் தள்ளும். கீழே தாழ வேண்டுமென்றால் அதன்மேல் பாரம் ஏற வேண்டும். அடுத்த கம்பத்திலிருந்து அந்தத் தொய்வு எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. ஒரு எட்டு வைக்கும், நிற்கும், மறுபடி ஒரு எட்டு வைக்கும். முடி கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது.

பாஞ்சாலி கிசுகிசுத்தாள். "வந்துட்டாரு சார். இப்பவாச்சும் உண்மைய சொல்லு."

குருபிரசாத்தின் உதடு துடித்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"அவன் சொன்னான்," என்றார் கம்பியைப் பார்த்து.

தகடு சட்டென்று பழைய இடத்துக்கு வந்தது. பாரம் போய்விட்டது. அவர் பெருமூச்சு விட்டார்.

அவர் முதுகுக்குப் பின்னால், மெல்ல ஒரு குரல்.

"இப்பதான் எறங்கினேன் சார்."

அங்கே யாரும் இல்லை.

குருபிரசாத் கம்பத்தை நோக்கி நடந்தார். யாரோ கை வைத்துத் தள்ளுவது போல அவர் சட்டை முதுகில் அமுங்கியிருந்தது. "கரண்ட் இருக்கு சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் அழுதுகொண்டே ஏறினார்.

நீல வெளிச்சம் கண்ணைப் பறித்தது.

அந்தக் கம்பத்தில் இப்போதும் கரண்டை நிறுத்தி வேலை நடக்கிறது. எல்லோரும் இறங்கிக் குரல் கொடுத்த பிறகும், கம்பி மட்டும் நடுவில் தொய்ந்தே கிடக்கும். மேலேயிருந்து குருபிரசாத்தின் குரல் கெஞ்சும்.

"ஷாஹுல், கரண்ட் விடச் சொல்லாதே. நான் இன்னும் எறங்கலை."

பாஞ்சாலிதான் கொடியைச் சுருட்டிக்கொண்டே பதில் சொல்வாள்.

"எல்லாரும் எறங்கியாச்சு. வுடச் சொல்லு."