அடைத்த பொந்து

பூனையின் கால் ஈரமாக இருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது. லாமுத் தீவில் மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது, சந்தெல்லாம் புழுதியும் கழுதைச் சாணமுமாகக் காய்ந்து கிடக்கிறது. ஆனாலும் சுண்ணாம்புத் தரையில் ஈரத் தடம், சுவர்ப் பொந்துக்குக் கீழே தொடங்கி நேராக உள்ளறை வாசல்வரை போயிருந்தது. அந்த வாசலில் உட்கார்ந்து பூனை கிழவர் பவானஹேரியையே பார்த்தது. கத்தவில்லை.

உள்ளறையில் அவர் மகள் முவானாயிதி. பிள்ளை பெற்று இருபத்து மூன்று நாள். நாற்பது முடியும்வரை தாயும் பிள்ளையும் அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது. இதற்கு முன் பிறந்த இரண்டும் நாற்பதைத் தாண்டவில்லை. மூன்றாவதை எவர் கண்ணிலும் பட விடுவதில்லை என்று கிழவர் வாசல் கதவைத் தாழ் போட்டே வைத்திருந்தார்.

பூனை அடுத்த வீட்டு மிஷியுடையது. பிள்ளை இல்லாதவள், புருஷனும் போய்விட்டான். இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். அதில் இடுப்புயரத்தில் ஒரு பொந்து. பெண்கள் தெருவில் இறங்காமல் சோறும் குழம்பும் பேச்சும் கைமாற்றிக்கொள்ள அந்தக் காலத்தில் வைத்தது. ஆண்கள் அதில் எட்டிப் பார்ப்பது மானக்கேடு. பவானஹேரியின் மனைவி இருந்தவரை தேங்காய்ச் சோறு போனது, மீன் வந்தது. அவள் செத்த பிறகு மிஷியின் மாடித் தண்ணீர் இவர் சுவரில் இறங்கியது. சண்டை. மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

பிள்ளை பிறந்த நாளிலிருந்து பூனை வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் ஊற்றினார். செருப்பை வீசினார். சாக்கில் கட்டிப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டார். நடுவில் கடல் இருப்பது தனக்குத் தெரியாது என்பது போல ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. எவனோ ஏற்றி வந்திருக்கிறான், அவள்தான் சொல்லியிருப்பாள். பால் வாசனைக்கு வருகிற பூனை இல்லை இது, அனுப்பி வருகிற பூனை.

இன்றைக்குத் தீர்த்துவிடுவது என்று பொந்தருகே போனார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

"மிஷி, ஒம் பூனைய ஒன்னோட வச்சுக்க. இல்லேன்னா இன்னிக்கே இத அடச்சிருவேன்."

அந்தப் பக்கம் எங்கோ குளியல் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் மட்டும்.

உள்ளேயிருந்து மகள் சொன்னாள்: "பாபா, நேத்துலேர்ந்து மிஷி அத்தை குரலே கேக்கல. ஒரு எட்டு அவங்க வாசலுக்குப் போயிப் பாருங்களேன்."

"அவ வாய் ஒரு நாள் ஓஞ்சா தெருவுக்கே நல்லது."

பூனையைப் பிடரியில் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினார். பவளக்கல் சில்லும் சுண்ணாம்புச் சாந்தும் குழைத்துக்கொண்டு வந்து, முகத்தைத் திருப்பியபடியே, கைத் தடவலில் அடுக்கினார். கடைசிக் கல்லுக்கு இடம் தடவும்போது விரலில் சில்லென்று ஏதோ பட்டது. ஈரம். பூனை மூக்கு என்று நினைத்தார். கொத்துக் கரண்டியைத் திருப்பி ஓங்கி ஒரு வெட்டு. விலகிக்கொண்டது. கல்லை வைத்து அழுத்தினார்.

மறுநாள் காலையிலிருந்தே சுவரில் பிறாண்டல் கேட்டது. கடற்கரையிலிருந்து ஏலக்காய் மணத்தோடு காற்று வருகிற நேரத்திலும், ஊர் கதவடைத்துத் தூங்குகிற நடுமதியத்திலும், பள்ளிவாசல் பாங்கு ஓய்ந்த அந்தச் சின்ன அமைதியிலும், சாந்துக்குப் பின்னால் அது பிறாண்டிக்கொண்டே இருந்தது, நாலு தடவை, நிறுத்தி, பிறகு நாலு. பூனைக்கு எதற்கு இத்தனை பொறுமை? காதில் துணியைச் சுற்றிக்கொண்டார். அடுத்த நாள் மதியம் நாலு மூன்றானது. பிறகு ஒன்று.

பிறகு இல்லை.

அதற்கடுத்த நாள் அந்தியில் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு வந்தார். வாசலில் அவர் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. திறந்ததும் மூக்கில் ஏறியது, ஊறிய மருதாணி வாடை. தரையில் ஈரத் தடம். பூனைக்கால். அதையொட்டி இன்னொரு ஈரம். அகலமாக. எதையோ இழுத்துக்கொண்டு போனது போல.

உள்ளறை வரை.

முவானாயிதி விளக்கடியில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். "இப்பத்தான் மிஷி அத்தை வந்துட்டுப் போறாங்க, பாபா. புள்ளைய மடியில வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஒரு தடவ பாக்கணும்னுதான் பூனைகிட்ட சொல்லிவிட்டாங்களாம். பாவம், கையெல்லாம் பச்சத் தண்ணியா இருந்துச்சு."

"கதவு பூட்டியிருக்கு. எப்படி வந்தா?"

"பொந்து வழியாத்தான்னாங்க. நீங்க அடைக்கலயா?"

சாந்து காய்ந்திருந்தது. கீறல்கூட இல்லை.

தெரு ஆண்களைக் கூட்டினார். மிஷியின் கதவை உடைத்தார்கள். குளியல் தொட்டி வழிந்து வீடெல்லாம் கணுக்கால் தண்ணீர். வழுக்கி விழுந்து தாடையும் இடுப்பும் ஒடிந்தவள் அங்கிருந்து ஊர்ந்தே வந்திருக்கிறாள். பொந்துக்குக் கீழே சுவரோடு சாய்ந்து கிடந்தாள். கக்கத்தில் பூனை. அதுவும் விறைத்திருந்தது. குளிப்பாட்ட வந்த பெண்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் நேற்றே போயிருக்கிறது என்றார்கள்.

வலது கை மட்டும் மேலே தூக்கியபடி நின்றுவிட்டது. மருதாணி இட்ட விரல்கள். நகம் முழுக்கச் சுண்ணாம்பு. நடுவிரலில் நகமே இல்லை. நேராக வெட்டியிருந்தது.

பவானஹேரி வீட்டுக்கு ஓடினார். மகள் தூங்கிப்போயிருந்தாள். பிள்ளை மட்டும் விழித்திருந்தது. அழவில்லை. சத்தமில்லாமல் அவரையே பார்த்தது. சின்ன வலது கை இறுக மூடியிருந்தது. விரலிடுக்கில் ஈரச் சாந்து.

ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

உள்ளங்கையில் ஒரு நகம். மருதாணிச் சிவப்பு.

பிள்ளை மறுபடியும் கையை மூடிக்கொண்டது.