மான் மேல் விழுந்த பழி

"உங்க வீட்டுப் பக்கம் மான் வருதுங்களா?"

நடைபாதையை ஒட்டிய வீட்டு மரத்தடியில் நின்றவன் அப்படிக் கேட்டதும் விஷாகா நடையை நிறுத்தினாள். அன்று விடியலில்தான், வெள்ளிக்கிழமை பூஜைக்கென்று, அந்த மரத்தின் பூக்களைக் கூடை நிறையப் பறித்துச் சென்றிருந்தாள். சாமிக்கென்றால் யார் வீட்டுப் பூவையும் பறிக்கலாம். திருச்சியில் அதை எவரும் திருட்டென்று சொன்னதில்லை. இது அமெரிக்காவின் மான்மவுத் ஜங்ஷன்... மாலை நடையில் மரத்துக்குரியவனே எதிரில் நிற்கிறான்.

"க்ராப் ஆப்பிள்ங்க. அழகுக்குன்னே வெச்சது. நாலு வருஷம் வெயிட் பண்ணி, இப்பதான் முதல் தடவை பூத்துச்சு. காலையில பார்த்தா ஒரு பூவைக் காணோம்," என்றான் செழியன். மழைக்கு முந்தைய வானம்போல் கனத்த கண்கள். அவற்றில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்...

"மான்தான்... நான் பார்த்தேன்," என்றது அவள் வாய்.

மறுநாள் அவன் மரத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டிக்கொண்டிருந்தான். "இந்தப் பக்கம் கொஞ்சம் ஹோல்ட் பண்றீங்களா?" என்று அவளை அழைத்தான்.

பிடித்துக்கொண்டாள். "கோயம்புத்தூரா நீங்க?"

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"மானுக்கே மரியாதை குடுப்பீங்க போல."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்ததனாலேயே உள்ளுக்குள் கூசியது. தூறல் விழத் தொடங்கிய நேரம், கம்பி கீறி அவன் விரலில் இரத்தம் துளிர்த்தது.

"போதும்... கட்டாதீங்க. மான் வரலை. நான்தான் பறிச்சேன். பறிச்சதைவிட, உங்க முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேனே..."

"தெரியும்," என்றான் அவன் மெதுவாக. "மான் பூவை மட்டும் கிள்ளிட்டு இலையை விட்டுட்டுப் போகாதுங்க."

அவமானம் காதுவரை சுட்டது. "தெரிஞ்சுமா வேலி போட்டீங்க? என்னைக் கேவலப்படுத்தவா?" வலையை விட்டுவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

"ஐயோ, இல்லைங்க..." இப்போது அவன் தலை கவிழ்ந்தது. "பொய் சொல்றப்ப உங்க கண்ணு கலங்கிச்சு. ராத்திரியெல்லாம் அதுவே ஞாபகம். மறுபடி பார்க்கணும்... கூப்பிட எனக்கு வேற சாக்கு தெரியலை. வெட்கமாத்தான் இருக்கு."

அவள் நின்றாள். திரும்பவில்லை. மழை கூந்தலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்ததுமே பிடிச்சிருந்தது... நீங்க என்னைத் திருடின்னு நினைச்சிடக் கூடாதுன்னுதான் பொய் சொன்னேன்."

"இப்ப என்னன்னு நினைக்கட்டுங்க?"

இப்போதுதான் அவள் திரும்பினாள்.

"விஷாகான்னு நினைங்க."